பேசுவது நான்தான்

அத்தியாயம் 11

"இது நீ பேசலை, உண்ணாமலை. உன் வியாதி பேசுது."

சக்கரவர்த்தி ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தை இது. வியாழக்கிழமை விடியற்காலையில் வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதும் உண்ணாமலையின் காதில் அது அப்படியே இருந்தது.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எத்தனையோ வருஷமாகப் பிளஸ் டூ பெண்களுக்குக் கணக்கு நடத்துகிறவள் அவள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனால், அவளுடைய வகுப்பில் வேறொருவர் நின்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை தங்கம்மாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உங்கள் வீட்டுக்காரர் வந்து எல்லாம் சொன்னார், மூளையில் தழும்பு விழுந்திருக்கிறதாமே, இனிமேல் ஆறாம் வகுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லி அனுப்பினார்.

என்னைக் கேட்காமல் என் பள்ளிக்கூடத்துக்கு ஏன் போனீர்கள் என்று அவள் புருஷனைக் கேட்டாள். இரண்டு நாள் விடாமல் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டுக் கேட்டாள். அப்போதுதான் அவன் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல அந்தப் பதிலைச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

பஸ் போளூரைத் தாண்டியது. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள். உதவிக்கு நீண்ட சக்கரவர்த்தியின் கை பாதியில் திரும்பிப் போனது.

இந்த வியாதி அவளுக்குள் நுழைந்தது தொண்ணூற்று நாலில். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் மூடுபனி இறங்கியிருந்தது. கண்ணை அசைத்தால் வலி. ஊர்க் கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் பார்வை தானாகத் திரும்பியது. கண்ணாடியால்தான் திரும்பியது என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து இடது கால் மரத்தது. வேலூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து, மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த மாதம் கால் சரியாகிவிட்டது. எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவளும் மனதாரக் கும்பிட்டாள்.

அதற்கடுத்த முறை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும்தான் போக முடிந்தது. ரோட்டோரத்தில் ஒரு சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மனசு சுத்தமாக இல்லை, அதனால்தான் என்று ஒரு நாத்தனார் சொன்னாள். அந்தக் கோபம் உண்ணாமலைக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கால் நன்றாக இருந்தால் சாமி, விழுந்தால் நானா என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டாள்.

இந்த முறை எதையும் கேட்காமல் விடுவதாக இல்லை.

டாக்டர் ராமகிருஷ்ணனின் அறையில் எப்போதும் ஒரே வழக்கம்தான். பரிசோதனை முடிந்ததும் நர்ஸ் வந்து உண்ணாமலையை வெளியே அழைத்துப் போய் உட்கார வைப்பாள். டாக்டரும் சக்கரவர்த்தியும் உள்ளே பேசுவார்கள். வெளியே வந்ததும், பயப்பட ஒன்றுமில்லை, சத்து மாத்திரை எழுதியிருக்கிறார் என்று அவன் சொல்லுவான்.

இன்றைக்கும் நர்ஸ் வந்தாள். உண்ணாமலை கைத்தடியை மேஜைமேல் குறுக்காக வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், மூளை என்னுது. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

டாக்டர் சக்கரவர்த்தியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். பிறகு டாக்டர் நர்ஸைப் போகச் சொல்லிவிட்டு, விளக்குப் பலகையில் இரண்டு பிலிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் சொருகினார். ஒன்று தொண்ணூற்று ஆறில் எடுத்தது. இன்னொன்று அன்றைக்குக் காலையில் எடுத்தது.

நரம்புகளின்மேல் ஒரு உறை இருக்கிறது என்று டாக்டர் ஆரம்பித்தார். அந்த உறை இருந்தால்தான் மூளையிலிருந்து கிளம்புகிற செய்தி கைக்கும் காலுக்கும் வேகமாகப் போகும். உடம்புக்குக் காவலாக இருக்க வேண்டிய படையே அந்த உறையைப் பகை என்று நினைத்துக் கடித்துத் தின்கிறது. கண் நரம்பில் கடித்தால் கண் மங்கும். தண்டுவடத்தில் கடித்தால் கால் மரக்கும். வீக்கம் வற்றியதும் செய்தி மறுபடி போக ஆரம்பிக்கும். ஆனால் கடிபட்ட இடம் தழும்பாகிவிடும். பிலிமில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான்.

முதல் சில வருஷம் மூளை சும்மா இருக்காது, சுற்றுவழி கண்டுபிடித்துச் சமாளிக்கும், அதனால் வியாதி போய்விட்டது என்று நமக்குத் தோன்றும் என்றார். உண்ணாமலைக்கு முதல் கிரிவலமும் சோடாக்கடை பெஞ்சும் ஞாபகம் வந்தன.

"இந்த நடுவில கருப்பா இருக்கே, அது என்ன?"

அது நீர் தங்குகிற அறை, எல்லாருக்கும் உண்டு என்றார் டாக்டர். பழைய பிலிமில் அது ஒல்லியாக இருந்தது. புதியதில் அகன்றிருந்தது. அதை அவளே பார்த்துவிட்டாள். ஏன் பெரிதாகியிருக்கிறது என்று கேட்டாள்.

"சுத்தி இருக்கிற மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும்மா. உறை போன நரம்பு ரொம்ப நாள் தாங்காது. அதுவும் செத்துடும்."

அவள் இரண்டு பிலிமையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் படிக்கட்டு மாதிரி இருந்துச்சு டாக்டர். விழுவேன், எழுந்திருப்பேன், முழுசா எழ மாட்டேன், ஒரு படி கீழே நிப்பேன். இப்ப ரெண்டு வருஷமா விழறதே இல்லை. ஆனா கீழே போய்க்கிட்டே இருக்கேன். படி போயி சரிவா ஆயிடுச்சா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாம்மா. இது ரெண்டாவது கட்டம். நிறையப் பேருக்குப் பத்து வருஷம் வாக்குல இப்படித் திரும்பும். இதை நான் போன வருஷமே சார்கிட்ட சொன்னேனே."

உண்ணாமலை திரும்பினாள். சக்கரவர்த்தி சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம். போன வருஷம் முழுக்க இவள் ஒழுங்காகச் சத்து மாத்திரை சாப்பிட்டாள். கால் இழுத்தபோதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். இவள் இனி எழுந்திருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒருத்தன் பக்கத்திலேயே படுத்திருந்தான்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு நெனச்சேன்."

"உடையறது என் வேலை. அதை ஏன் நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

அவன் டாக்டரைப் பார்த்து, பாருங்கள், இப்படித்தான் என்று முணுமுணுத்தான். அது அவள் காதில் விழுந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. நான் கோபப்பட்டா வியாதி பேசுதுங்கறார். பேசாம இருந்தா மட்டும் அது நானாம். என் கோபம் வியாதியா?"

அவளுக்குச் சாதகமாக ஒரு பொய் சொல்லி அனுப்புவது டாக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வியாதியாலயும் வரலாம்மா. மூளையோட முன்பக்கத்தைத் தொட்டுச்சுன்னா கோபம் சீக்கிரம் வரும், அழுகை வரும். ஆனா எந்தக் கோபம் எங்கேர்ந்து வருதுன்னு எந்தப் பிலிம்லயும் தெரியாது. காரணம் இருந்து வர்றது கோபம்தான். உங்களுக்குக் காரணம் இருக்கு."

கடைசி வார்த்தையைச் சக்கரவர்த்தியைப் பார்த்துச் சொன்னார்.

அவளுக்கு அது போதவில்லை. என் புத்தியைச் சோதித்துப் பாருங்கள், இப்போதே, இவர் முன்னாலேயே என்றாள். டாக்டர் பத்து வார்த்தை சொல்லி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவள் நிற்காமல் கழித்துக்கொண்டே போனாள், கடைசியில் மிஞ்சிய இரண்டு வரைக்கும். மூன்று பெரிய எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னார். கண்ணை மூடிப் பெருக்கிச் சொன்னாள். சக்கரவர்த்தியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்ப அந்தப் பத்து வார்த்தையைச் சொல்லுங்க."

"கிணறு, ஆணி, மஞ்சள்." நிறுத்தினாள். "கதவு."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. மறந்துபோன வார்த்தை நாக்கு நுனியில் நிற்குமே, அப்படிக்கூட இல்லை. மீதி ஆறையும் யாரும் சொல்லவே இல்லை என்பதுபோல மனசு சுத்தமாக இருந்தது.

கணக்கு போகவில்லை, புதிதாக வருவதுதான் தங்கவில்லை என்றார் டாக்டர். வெயில் ஜாஸ்தியாக இருக்கிற நாளிலும் அசதியிலும் இன்னும் கம்மியாகத் தங்கும். வேலைக்குப் போகக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்களா என்று அவள் கேட்டாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அவர்.

அப்போது சக்கரவர்த்தி வாயைத் திறந்தான்.

"ஒரே கணக்கை மூணு நாள் நடத்தியிருக்கா டாக்டர். நேர்மாறு அணியோ என்னவோ. முதல் நாள் நடத்தினதையே மறுநாளும் புதுசு மாதிரி. பொண்ணுங்க சிரிச்சிருக்குதுங்க. இவளுக்குத் தெரியலை."

உண்ணாமலை மேஜையிலிருந்து கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

யார் சொன்னது என்று அவள் கேட்டாள். ஸ்கூலில் பேசிக்கொண்டார்கள் என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. கண்ணமங்கலம் வரைக்கும் உண்ணாமலை அந்த மூன்று நாளை மனதில் தேடிக்கொண்டே வந்தாள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தது நினைவிருந்தது. அவளை எழுப்பி நிற்க வைத்துத் திட்டியது நினைவிருந்தது. பலகையில் என்ன எழுதினோம் என்பதுதான் இல்லை. சிரித்தது நியாயம், திட்டியது அநியாயம் என்று இப்போது தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்க என்னை விடாமல் செய்துவிட்டானே என்றுதான் ஆத்திரம்.

"என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் போய் எச்.எம்.கிட்ட பேசியிருப்பேன். என் மறதியை நான் சொல்றது வேற, நீங்க போய்ச் சொல்றது வேற."

"உன்கிட்ட எதைச் சொல்ல முடியுது? போன மாசம் சிலிண்டர் வரலைன்னு சொன்னதுக்கே நீ எப்படிக் கத்தினே?" சக்கரவர்த்தியின் குரல் உயர்ந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "உனக்குக் கோபம் வந்தா வியாதின்னு ஒரு பேராவது இருக்கு. எனக்கு வந்தா அதுக்குப் பேரே இல்லை. நாள் முழுக்க உரக்கடையில மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டு யார்கிட்ட சொல்றது?"

கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அது நிஜம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறையவில்லை. இத்தனை நாள் இதையும் சேர்த்து மறைத்திருக்கிறான் என்று இன்னும் ஏறியது.

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவள் ஆட்டோக்காரரிடம் பே கோபுரத் தெரு என்றாள். வீட்டுக்குப் போகலாம், அசந்துபோயிருக்கிறாய் என்றான் அவன். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவனும் ஏறினான்.

தங்கம்மாளின் வீடு மாடியில் இருந்தது. படிக்குக் கைப்பிடி இல்லை. சக்கரவர்த்தியை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் கீழே நின்று, மேடம் என்று குரல் கொடுத்தாள். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, பதறி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். மாடிப்படிக்குக் கீழே, நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள்.

உண்ணாமலை சுற்றி வளைக்கவில்லை. வேலூரில் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னாள். மூளை சுருங்கியிருப்பதைச் சொன்னாள். பத்தில் நாலு வார்த்தைதான் சொல்ல முடிந்தது என்பதையும் சொன்னாள். தங்கம்மாள் இடையிடையே ஐயோ என்றார்.

"ஐயோ வேணாம் மேடம். கணக்கு என்கிட்ட அப்படியே இருக்கு. எங்கே நிறுத்தினோம்னுதான் மறக்குது. அதை ஒரு பொண்ணு எழுந்து சொன்னாப் போதும். என் வகுப்பைத் திருப்பிக் குடுங்க."

பரீட்சை வருகிற வருஷம், விளையாட்டில்லை என்றார் தங்கம்மாள். பெற்றோர்கள் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். உங்கள் கௌரவத்துக்காகத்தான் சத்தமில்லாமல் மாற்றினேன் என்றும் சொன்னார். அந்த வார்த்தை உண்ணாமலையைச் சுட்டது.

"சத்தமில்லாம யாரும் என்னை மாத்த வேணாம். தப்பா நடத்தினா, தப்புன்னு சொல்லி வெளியே அனுப்புங்க. போறேன்."

தங்கம்மாள் தெருவைப் பார்த்தார். நாளைக்கு முதல் பீரியட் எடுங்கள், நான் பின் பெஞ்சில் உட்காருகிறேன், அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

உண்ணாமலை தடியை ஊன்றித் திரும்பினாள். திரும்பியவள் நின்று, எந்தப் பெண்ணின் அப்பா அம்மா வந்து புகார் சொன்னார்கள் என்று கேட்டாள். அவர்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

தங்கம்மாள் குழம்பிப்போனார்.

"யாரும் வரலையே டீச்சர். உங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்க பொண்ணு சினேகா அவர்கிட்ட வந்து அழுதாளாமே."

ஆட்டோ போளூர் ரோட்டில் திரும்பும்போது உண்ணாமலை, சினேகாவா என்று கேட்டாள். சக்கரவர்த்திக்கு, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. பிள்ளையை ஒன்றும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

சினேகா அவர்களுடைய ஒரே பெண். பதினாறு வயது. அம்மா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே, அம்மாவின் வகுப்பிலேயே பிளஸ் டூ படிக்கிறாள். தினமும் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் கீழ்பென்னாத்தூருக்குப் போவார்கள். வகுப்பில் மட்டும் அவள் மற்றப் பெண்களைப்போல மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது உண்ணாமலை போட்ட சட்டம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கூடத்தில் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நான்தாம்மா சொன்னேன்."

உண்ணாமலை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன் என்கிட்ட சொல்லலை என்று மட்டும் கேட்டாள். காலையில் புருஷனிடம் கேட்ட அதே கேள்வி.

"எப்படிச் சொல்றது? ரெண்டாவது நாளே பின் பெஞ்சுல சிரிச்சாங்க. மூணாவது நாள் நீ அதே கணக்கை எழுத ஆரம்பிச்சதும், ஒருத்தி அடுத்த வரியை உனக்கு முன்னாடி மெதுவா சொல்றா. நீ எழுதறே. அவ சொல்றா, நீ எழுதறே. நான் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். அவளை அடிச்சிருப்பேன். உன் மேலயும் கோபம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து உன்கிட்ட வாயைத் திறந்தேன். என்னடீன்னு நீ கத்தினே. அப்புறம்தான் அப்பாகிட்ட போனேன். உன்னை வகுப்புலேர்ந்து எடுக்கச் சொல்லலை நான். உன்கிட்ட சொல்லத்தான் சொன்னேன்."

தான் கத்தியது உண்ணாமலைக்கு நினைவில்லை. ஆனால் கத்தியிருப்பாள். அது எந்தக் கோபம், எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சக்கரவர்த்தி வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

உண்ணாமலை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு முதல் பீரியட் தனக்குக் கிடைத்திருப்பதையும், எச்.எம். பின்னால் உட்காரப்போவதையும் சொன்னாள். பிறகு பெண்ணைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"முதல் பெஞ்சுல உட்காரு. நடத்தினதையே நான் திரும்ப ஆரம்பிச்சா, எழுந்து நின்னு, மிஸ், இது முடிஞ்சதுன்னு சொல்லு."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். ஒளிச்சு ஒளிச்சுத்தான் இவ்வளவும் ஆச்சு."

"நீ அழுவே."

"அழமாட்டேன். கோபப்படுவேன். பட்டாலும் நீ உட்காராதே."

சினேகா தலையை ஆட்டவில்லை. என்னால் முடியாது என்று ரொம்பச் சன்னமாகச் சொன்னாள். வேறு யாரையாவது சொல்லச் சொல் என்றாள். வேறு யார் சொன்னாலும் அது சிரிப்பாகத்தான் இருக்கும், நீ சொன்னால்தான் அவர்கள் அடங்குவார்கள் என்றாள் உண்ணாமலை. அதட்டிச் சொல்ல நினைத்தாள். குரலை அடக்கிக்கொள்ள அன்று முழுவதிலும் இல்லாத பிரயத்தனம் தேவைப்பட்டது.

பெண் பாயைச் சுருட்டினாள். அறைக்குள் போய், மறுநாளைக்காக அடுக்கி வைத்திருந்த பையைத் திறந்தாள். திறந்திருந்த கதவு வழியாக உண்ணாமலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சினேகா பையிலிருந்து முதல் பீரியடுக்கான கணக்குப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்து அதன் கதவைச் சாத்தினாள்.